விழுந்ததற்கா சிரித்தோம்?

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'ஹென்றி ஆல்ட்ரிச், பாய் ஸ்கவுட்' என்ற பழைய நகைச்சுவைப் படத்தை வைத்து இன்றைய பட்டிமன்றத் தலைப்பு: 'சாரணன் ஹென்றி ஆல்ட்ரிச் நம்மைச் சிரிக்க வைப்பது தடுமாற்றத்தாலா, நல்ல மனத்தாலா?' நல்ல மனத்தால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அம்மா, "பையன் மாட்டிக்கொள்கிறான், நாம் சிரிக்கிறோம். இதில் மனம் எங்கே வந்தது?" என்று கேட்டார். சரி, படத்திலிருந்தே பதில் சொல்கிறேன். 1944-இல் பாரமவுண்ட் வெளியிட்ட அமெரிக்கப் படம் அது. ஹென்றியாக ஜிம்மி லைடன். செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பீட்டர் என்ற சிறுவனைச் சாரணனாக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. பீட்டர் வம்பு செய்கிறான், பழி ஹென்றிக்கு வருகிறது. இரண்டு பையன்களாலும் குழப்பம்தான். ஆனால் பீட்டரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஹென்றியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒருவன் வேண்டுமென்றே செய்கிறான். இன்னொருவன் உதவப் போய் மாட்டிக்கொள்கிறான். தடுமாற்றமே போதுமென்றால் பீட்டரைப் பார்த்தும் அதே அளவு சிரித்திருக்க வேண்டுமே அம்மா!

அந்த நாள் ரசிகர்களுக்கு இந்தப் பையன் புதியவன் அல்ல. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பழைய காகிதமும் இரும்பும் சேகரிக்க சாரணச் சிறுவர்கள் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். 'தினம் ஒரு நற்செயல்' என்பது அவர்கள் முழக்கம். நல்லது செய்யத் துடிக்கிற, ஆனால் கை இன்னும் பழகாத பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைத்தான் மக்கள் திரையில் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் வாதத்தின் உயிரே அதுதான். ஹென்றி முதலில் வந்தது 1938-இல், கிளிஃபோர்ட் கோல்ட்ஸ்மித் எழுதிய மேடை நாடகத்தில். அப்புறம் வானொலிக்குப் போனான். வானொலியில் யார் வழுக்கி விழுவது தெரியும்? நிகழ்ச்சி தொடங்கும்போது தாய் கூப்பிடுவாள்: "ஹென்றீ! ஹென்றி ஆல்ட்ரிச்!" உடனே உடைந்த குரலில் ஒரு பதில்: "இதோ வரேன்மா!" நாடெங்கும் வீட்டுக் கூடங்களில் சிரித்தார்கள். நடுவர் அவர்களே, அங்கே யாரும் விழவில்லை, எதுவும் உடையவில்லை. அம்மா கூப்பிட்டதும் ஓடிவரும் ஒரு பிள்ளையின் குரல் மட்டும்தான் இருந்தது.