சிரியஸ் என்ற நாயின் குழந்தைப் பருவம்

நேயர்களுக்கு வணக்கம். விலங்குகளுக்கு மனித அறிவை ஊட்டும் கற்பனை, அறிவியல் புனைகதையில் நூறாண்டுக்கும் மேலாக நடமாடி வருகிறது. 1896இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'டாக்டர் மோரோவின் தீவு' நாவலில் ஒரு மருத்துவர் விலங்குகளை வெட்டியும் ஒட்டியும் மனித உருவுக்குக் கொண்டுவருகிறார். அவை நாளடைவில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. அறிவு ஓர் உயிரில் எப்படி வளர்கிறது என்பதைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தவர், என் கருத்தில், ஓலாஃப் ஸ்டேபிள்டன்.

1944இல் வெளிவந்த அவருடைய 'சிரியஸ்' நாவலில், தாமஸ் ட்ரெலோன் என்ற அறிவியலாளர் கருவுற்ற நாயின் இரத்தத்தில் ஒரு ஹார்மோனைச் செலுத்தி, வயிற்றிலுள்ள குட்டியின் மூளையைப் பெருக்கச் செய்கிறார். இதை எந்த எழுத்தாளரும் எழுதியிருக்கலாம். ஆனால் ஸ்டேபிள்டன் அந்தக் குட்டியின் வளர்ச்சி வேகத்தையும் குறைத்துவிடுகிறார். சாதாரண நாய் ஓரிரு ஆண்டுகளில் முழு வளர்ச்சி அடைந்துவிடும்; சிரியஸோ ட்ரெலோனின் மகள் பிளாக்ஸியோடு ஒரே வீட்டில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, அவளுடன் விளையாடியும் சண்டையிட்டும் மொழியைக் கற்றுக்கொள்கிறது. நீண்ட குழந்தைப் பருவம் இல்லாமல் மனித அறிவு வாய்க்காது என்பதை அவர் கதையின் அடித்தளத்திலேயே வைத்துவிட்டார்.

இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு துணை கிடைத்தது. 2019இல் சீனாவின் குன்மிங் நகர ஆய்வாளர்கள், மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மனித வடிவத்தை ரீசஸ் குரங்குகளில் செலுத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அக்குரங்குகளின் மூளை பெரிதாகவில்லை. மாறாக, அதன் முதிர்ச்சி தாமதமாயிற்று, குறுகிய கால நினைவாற்றல் சோதனைகளில் அவை மேம்பட்டுக் காணப்பட்டன. சோதிக்கப்பட்டவை மிகச் சில என்பதால் இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. இருந்தாலும் ஸ்டேபிள்டனின் வாசகர் ஒருவரால் இச்செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

சிரியஸின் துயரத்துக்குக் காரணங்கள் வேறு. அதற்குக் கைகள் இல்லை; மனம் எண்ணியதைச் செய்ய உடல் இடம் கொடுப்பதில்லை. தன்னையொத்த இன்னொரு நாயும் உலகில் இல்லை. டேவிட் பிரின் 1980 முதல் எழுதிய நாவல் வரிசையில் இந்தத் தனிமை நீங்குகிறது: அங்கே டால்பின்களும் சிம்பன்சிகளும் தலைமுறை தலைமுறையாக, இனமாகவே மனித அறிவுக்கு உயர்த்தப்படுகின்றன. ஆனால் அந்தப் பேரண்டத்தின் சட்டப்படி, உயர்த்தப்பட்ட இனம் உயர்த்திய இனத்துக்கு ஒரு லட்சம் ஆண்டுகள் தொண்டு செய்யவேண்டும். பிரின் இதைப் போற்றி எழுதவில்லை. அவருடைய மனிதர்களே இவ்வழக்கத்தை விரும்புவதில்லை. கடன் என்று ஒன்று இருந்தால் உயர்த்தியவரே கடன்பட்டவர் என்பேன், ஏனெனில் உயர்த்தப்பட்ட உயிரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நிம் என்ற சிம்பன்சியின் வாழ்க்கை இதை நினைவூட்டுகிறது. சைகை மொழி கற்பிக்கும் ஆய்வுக்காக, 1973இல் குட்டியாக நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு மனிதக் குடும்பத்தில் வளர்க்கப்பட்ட அது, ஆய்வு முடிந்தபின் ஓக்லஹோமாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 1982இல் மருத்துவச் சோதனைக் கூடம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அங்கிருந்து மீட்கப்பட்டது.

2020இல் ஜெர்மானிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் மனிதரிடம் மட்டுமே காணப்படும் ஒரு மரபணுவை மார்மோசெட் குரங்கின் கருவில் சேர்த்தபோது, மூளையின் மேற்புறணி என்னும் வெளி அடுக்கு பெரிதாகி, மடிப்புகளும் தோன்றின. பிறந்தபின் அந்தக் குட்டிகளின் நடத்தை எப்படியிருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில் அவற்றைப் பிறக்கவிடுவது பொறுப்பாகாது என்று முடிவு செய்த ஆய்வாளர்கள், பிறப்புக்குச் சுமார் 50 நாட்கள் முன்பே கருக்களை வெளியே எடுத்து ஆராய்ந்தார்கள். ட்ரெலோன் அந்த இடத்தில் நிற்கவில்லை; ஸ்டேபிள்டனின் நாவல் அங்கேதான் தொடங்குகிறது. வணக்கம்.