கருங்கரடிக் கறி: நல்ல இறைச்சி எப்படிக் கிடைக்கிறது, ஆபத்து எங்கே இருக்கிறது?

[காட்சி: வட அமெரிக்க வரைபடம். சஸ்காட்சுவானும் தெற்கு டகோடாவும் ஒளிர்கின்றன.]

2022-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோடா மாநிலத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் ஒன்றுகூடினார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஆண்டு மே மாதம் கனடாவின் சஸ்காட்சுவானில் ஒரு கருங்கரடியை வேட்டையாடியிருந்தார். அந்தக் கறியைக் காய்கறிகளோடு சேர்த்துக் கம்பியில் கோத்து, கபாப் சுட்டார்கள். கறி 45 நாட்கள் ஃப்ரீசரில் இருந்தது. உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் செத்துவிடும் என்று வேட்டைக்கு ஏற்பாடு செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

கரடிக் கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. வெந்ததா இல்லையா என்று பார்வைக்குத் தெரியவில்லை. சிலர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் உள்ளே சரியாக வேகவில்லை என்று கவனித்து, மறுபடியும் அடுப்பில் வைத்தார்கள்.

ஆறு பேருக்கு நோய் வந்தது. மூன்று பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் கறியைத் தொடவே இல்லை. கூட வெந்த காய்கறிகளை மட்டும் சாப்பிட்டவர்கள்.

[காட்சி: தசை நாருக்குள் சுருண்டு கிடக்கும் இளம்புழுவின் வரைபடம்.]

காரணம் ட்ரிக்கினெல்லா என்ற புழு. கரடி பெர்ரி தின்னும், புல் தின்னும், எறும்பு தின்னும், செத்துக் கிடக்கும் விலங்கையும் தின்னும். அந்தச் செத்த விலங்கின் தசையில் இளம்புழு இருந்தால் அது கரடிக்குப் போகிறது. கரடியின் கறியை வேகாமல் சாப்பிட்டால் நமக்கு வருகிறது. வயிற்று அமிலம் அதன் உறையைக் கரைத்து விடுவிக்க, புழு சிறுகுடலில் வளர்ந்து குஞ்சு ஈனுகிறது. அந்தக் குஞ்சுகள் ரத்தத்தில் ஏறிப்போய் நம் தசைகளில் குடியேறுகின்றன. கறியைப் பார்த்தால் எதுவும் தெரியாது. மணத்திலும் சுவையிலும் ஒரு மாற்றமும் இருக்காது.

சரி, 45 நாள் உறைந்து கிடந்த புழு எப்படி உயிரோடு இருந்தது?

பன்றிக் கறியில் வழக்கமாக வருவது இந்தப் புழுவின் வேறொரு இனம். 15 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டுகளை மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் 20 நாள் வைத்தால் அது செத்துவிடும். ஃப்ரீசர் போதும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வந்தது. வடக்கே குளிர் நாடுகளின் கரடிகளில் இருப்பதோ ட்ரிக்கினெல்லா நேட்டிவா. பனியைத் தாங்கவே பழகிய இனம். அந்தக் குடும்பத்திடம் மீதமிருந்த கறியை ஆய்வகத்தில் பார்த்தபோது, 15 வாரங்களுக்கு மேல் உறைந்திருந்தும் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

புகை போடுவது, உப்பில் ஊற வைப்பது, வெயிலில் காய வைப்பது எதையும் இதற்கு நம்ப முடியாது. மைக்ரோவேவ் கறியைச் சீராகச் சூடாக்காது, அதனால் அதுவும் வேண்டாம். புழுவைக் கொல்வது சூடு மட்டும்தான். துண்டின் மிகத் தடித்த இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ், அதாவது 165 டிகிரி ஃபாரன்ஹீட் வர வேண்டும். கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லாமல் கரடிக் கறி சமைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓரிடத்தில் குத்தினால் போதாது, பல இடங்களில் பாருங்கள். பச்சைக் கறி பட்ட கத்தியும் பலகையும் காய்கறிப் பக்கம் போகக் கூடாது. ஒரே கம்பியில் கறியையும் காயையும் கோப்பதை விட்டுவிடுங்கள்.

கனடாவில் இருக்கும் நம் வீடுகளில் கறியைக் குழம்பில் போட்டு நேரம் எடுத்து வேகவைப்பதுதானே வழக்கம். இந்தக் கறிக்கு மிகவும் பொருந்துவது அதுதான். கரடியின் தோள்பட்டைக் கறியில் தசைகளைப் பிணைக்கும் இணைப்புத் திசு அதிகம். இரண்டு மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் கிடந்தால் அது கரைந்து கறி பஞ்சாகிவிடும். குழம்பாக இருந்தாலும் தெர்மாமீட்டர் வேண்டும்.

[காட்சி: இலையுதிர்காலக் காடு. புளூபெர்ரி புதரில் மேயும் கரடி.]

இதுவரை சொன்னது பாதுகாப்பு. இனி ருசி. இது சமையலறைக்கு வெகு முன்னால், கரடியின் வாயில் தொடங்குகிறது.

குளிர்கால உறக்கத்துக்கு முன் ஒரு கருங்கரடி நாளுக்கு 15,000 முதல் 20,000 கலோரி வரை தின்னும். அது பெர்ரியும் ஓக் கொட்டையும் பீச் கொட்டையும் என்றால் கறி இனிப்பாக, கொழுப்பு வெள்ளையாக இருக்கும். கடற்கரை ஆறுகளில் சால்மன் மீன் தின்று கொழுத்த கரடியின் கறியில் மீன் வாடை ஏறிவிடும். குப்பைத்தொட்டியிலேயே வாழ்ந்த கரடியின் கறியும் அப்படித்தான், வாடை வரும். அலாஸ்காவின் பல பகுதிகளில் ஜனவரி 1 முதல் மே 31 வரை வேட்டையாடும் கருங்கரடியின் கறியை வீணாக்காமல் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கறி நன்றாக இருக்கும் பருவம் அது, சால்மன் வருவதற்கு முந்தைய காலம். வசந்தகாலக் கரடியிடம் கொழுப்பு குறைவு, கறி கொஞ்சம் வறண்டிருக்கும். ஆனால் புதுப்புல் மேய்ந்த கறியில் வாடை இருக்காது.

அதனால் கறிக்காக வேட்டைக்குப் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தக் கரடி எங்கே என்ன மேய்கிறது என்பதை. கூடவே குட்டி இருக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது பெரும்பாலான இடங்களில் குற்றம். சட்டம் தடுக்காத இடத்திலும் செய்யக் கூடாத காரியம் அது.

குண்டு நுரையீரலில் பட வேண்டும். கரடி பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருப்பது இதற்காகத்தான். தடித்த கொழுப்பு காயத்தை அடைத்துக்கொள்ளும், அடர்ந்த மயிர் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடிபட்டு ஓடிய கரடியைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். வயிற்றில் பட்டாலோ குடல் கிழிந்து கறியும் கெட்டுப்போகும்.

[காட்சி: வரைபடம். தோல், கொழுப்பு, தசை என மூன்று அடுக்குகள்.]

விழுந்த பிறகு முக்கியமானது வேகம். மான் கறி கெடுவதைவிட கரடிக் கறி சீக்கிரம் கெடும், ஏனென்றால் அந்த மயிரும் கொழுப்பும் கம்பளிபோல உடல் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கின்றன. உடனே குடலை எடுத்து, தோலை உரித்து, கொழுப்பை அகற்ற வேண்டும். பின்தொடை பெரியது, எலும்பை ஒட்டிய இடம் கடைசியில்தான் குளிரும். அழுகல் அங்கேதான் தொடங்கும். அதனால் தொடையிலிருந்து எலும்பைப் பிரித்துவிடுவது நல்லது. காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். கரடிக் கறிக்குக் கெட்ட பெயர் வரக் காரணம், என் பார்வையில், பாதி நேரம் கரடி அல்ல. மே மாத வெயிலில் தோலோடு வண்டியில் கிடந்த அந்த நான்கைந்து மணி நேரம்தான்.

குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயக் குண்டு தூள் தூளாகச் சிதறி, காயத்தைத் தாண்டியும் பரவியிருக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீடு என்றால் செப்புக் குண்டு பயன்படுத்துவதே சரி.

கொழுப்பைக் கறியோடு சேர்த்து ஃப்ரீசரில் வைத்தால் சில மாதங்களில் சிக்கு வாடை வரும். தனியே எடுத்து மெல்லிய தீயில் உருக்கி வடிகட்டினால் நல்ல சமையல் கொழுப்பு. 18-ஆம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் கரடிக் கொழுப்பு ஒரு வணிகப் பொருளாகவே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவையெல்லாம் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து வேட்டையாடும் இடங்களுக்கு மட்டும். வட அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேல் கருங்கரடிகள் இருக்கின்றன. அங்கேயும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்டாரியோவில் 1999-இல் நிறுத்தப்பட்ட வசந்தகால வேட்டை 2021-இல்தான் நிரந்தரமாகத் திரும்பியது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கரடி வேட்டை கடும் குற்றம்.

கறியை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது பொட்டலத்தின் மேலேயே எழுதிக் கொடுங்கள்: கரடிக் கறி, 74 டிகிரி. சாப்பிட்ட ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கோ வயிற்று வலியோ வந்தாலும், சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், உடம்பு வலி, கண்ணைச் சுற்றி வீக்கம் வந்தாலும், மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் கரடிக் கறி சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைக்க வாய்ப்பு அதிகம். அல்பெண்டசோல் என்ற மாத்திரை இதற்கு உண்டு. புழு தசைக்குள் போய் உட்காரும் முன் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும்.