140 ரூபாய்த் தவம்

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் மக்களே, வணக்கம். 'கதை எழுதுவது தவமா, தொழிலா?' தொழிலே என்று பேச வந்திருக்கிறேன். ஏழு நிமிடம்தான், வணக்கம் இவ்வளவு போதும்.

எதிரணி அண்ணன் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக் கேட்டார்: "தொழில்னா தம்பி, கோயம்பேட்டுல வெங்காய மண்டி வைக்க வேண்டியதுதானே?" நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசை அம்மா ஒருவர் விசிலே அடித்தார்.

வைத்திருக்கலாம் அண்ணே. மண்டிக்காரர் விற்ற மூட்டைக்குக் காசு பார்ப்பார். நான் ஜனவரியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி முடிகிற நாள், பதிப்பாளரிடம் ராயல்டி கேட்கப் போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தார். பதிப்பாளர் டீ வாங்கிக் கொடுத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நோட்டைப் பிரித்தார். "நாவல் விலை 200. 43 பிரதி போயிருக்கு. பத்து பர்சென்ட், 860 ரூபாய்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்பின் தெரியாத 43 பேர்! கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். "இருங்க சார், அடுத்த பக்கம்" என்றார். அங்கே, கழிவு விலையில் நான் எடுத்த பத்துப் பிரதி. 140 வீதம் 1,400. "540 ரூபாய் நீங்கதான் தரணும். அவசரமில்ல, மெதுவா ஜிபே பண்ணுங்க."

வீட்டுக்கு வந்தேன். "எவ்வளவு?" என்றாள் மனைவி. "ஐந்நூத்தி நாற்பது" என்றேன். பொய் இல்லை. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்பதைத்தான் சொல்லவில்லை. "பரவாயில்லையே, பால் பாக்கிக்கு ஆச்சு" என்று கையை நீட்டினாள்.

சரி, அந்தப் பத்துப் பிரதி எங்கே? "கதை எழுதியிருக்கியாமே, ஒரு காப்பி கொடு" என்று கேட்ட சொந்தக்காரர்கள் ஒன்பது பேர். பத்தாவது ஆள், இதோ தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கிறாரே, இவர்தான்! கையெழுத்துப் போட்டு வேறு கேட்டு வாங்கினார். அண்ணே, உங்கள் தவத்துக்கு என் செலவு 140 ரூபாய். மண்டிக்காரரிடம் போய், 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு கிலோ வெங்காயம் சும்மா கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்!

புதுமைப்பித்தன் வறுமையிலும் எழுதவில்லையா என்று கேட்டார் எதிரணி அண்ணன். எழுதினார். 1948இல், 42 வயதில், காசநோயில் போனார். அதற்குத் தவம் என்று பேர் வைக்க எனக்கு நாக்கு கூசுகிறது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் கெடு தவறாமல் எழுதினார். அது வேலை. எழுத்தாளன் செத்த பிறகும் 60 வருடம் உரிமை உண்டு என்கிறது சட்டம். உயிரோடு இருக்கும்போதும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்கிறேன்.

இன்னும் இரண்டு பாயிண்ட் எழுதி வைத்திருந்தேன். விடுங்கள்.

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் கதைக்கு 75 ரூபாய் மணியார்டர் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று என் பெயரை வாசித்தார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் அஞ்சறைப் பெட்டி மூடிக்குள் செருகிக்கொண்டாள். கதை என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. யார் வந்தாலும் சீட்டை எடுத்துக் காட்டுவாள்: "எம்புள்ள எழுதிச் சம்பாதிச்சது." அவள் போன பிறகு பெட்டியைத் திறந்தோம். மஞ்சள் ஏறி எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. அப்படியே இருக்கிறது, என் மேசையில்.

மணி அடிக்கிறீர்கள் ஐயா, உட்கார்ந்துவிடுகிறேன். அண்ணே, அந்த 140 வேண்டாம். படித்தீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள்.