கட்டுப் போடுமுன் ஒரு கஷாயம்

நேயர்களுக்கு வணக்கம். காயத்துக்குப் போடும் பாலிமர் படலங்களைச் செல்களோடு சேர்த்துச் சோதிப்பது என் வேலை. கஷாயம் போடுகிற வேலை என்றுதான் வீட்டில் கேலி செய்வார்கள். கேலியில் உண்மை இருக்கிறது. படலத்தை நறுக்கி, செல் வளர்க்கும் திரவத்தில் போட்டு, 37 டிகிரி உடம்புச் சூட்டில் 24 மணி நேரம் ஊறவிடுவோம். அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத படலம் என்றால், 6 சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி திரவம். அதில் இறங்குகிற சாற்றைத்தான் செல்கள்மேல் விடுவோம்.

அந்தச் செல்களுக்குப் பெயர் எல்929. 1940களில் அமெரிக்காவில் ஒரே ஒரு சுண்டெலியிலிருந்து எடுத்த செல்லின் வாரிசுகள். எலி போய்ச் சேர்ந்து காலமாயிற்று. செல்கள் இன்னும் பெருகுகின்றன. ஒரு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை உண்டு என்கிறது, மருத்துவப் பொருள்களைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 10993-5 என்ற சர்வதேசத் தரநிலை. ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே செல்லை ஒன்றும் செய்யாத பாலித்தீன் துண்டு ஒன்று, கொல்லும் என்று தெரிந்த பொருள் ஒன்று. இரண்டும் சொன்னபடி நடக்காவிட்டால் அன்றைய சோதனையே செல்லாது.

ஒரு மாணவர் கைட்டோசானில், அதாவது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பாலிமரில், செய்த ஜெல் படலம் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி தெளிவு. மறுநாள் காலை குழாயைத் திறந்தால் திரவத்தையே காணோம்! ஜெல் முழுவதையும் குடித்துவிட்டு உப்பிக் கிடந்தது. அடியில் மிஞ்சிய துளிகளைச் செல்கள்மேல் விட்டார். எல்லாம் சுருண்டு உருண்டன. படலம் விஷம் என்று முகம் வாடிவிட்டது அவருக்கு. அவசரம்தான் தப்பு. இப்படி உறிஞ்சும் பொருளுக்கு, அது எவ்வளவு குடிக்கும் என்று முதலில் அளந்து, அந்த அளவைக் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

அப்படியும் 70ஐத் தொடவில்லை. இழைகளைப் பிணைக்கக் குளூட்டரால்டிஹைடு சேர்த்திருந்தார். எண்டோஸ்கோப்பைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் அதே சரக்கு. பிணைப்பில் சேராமல் மிஞ்சியது சாற்றில் இறங்கியிருக்கிறது. மூன்று நாள், தண்ணீரை மாற்றி மாற்றி அலசச் சொன்னேன். அடுத்த முறை தட்டின் குழிகளெல்லாம் நாவல்பழ நிறம்.

"சார், இப்போ என் கையிலேயே ஒட்டிப் பார்க்கட்டுமா?" என்றார். தோல் எரிச்சல், ஒவ்வாமை இரண்டும் பாக்கி என்றேன். எரிச்சலுக்கு முன்பெல்லாம் முயலின் முதுகை மழித்துத்தான் பார்ப்பார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோலடுக்கில் பார்க்கும் முறையை 2021இல் வந்த ஐஎஸ்ஓ 10993-23 தரநிலை சேர்த்திருக்கிறது. அந்தத் தோலடுக்கின் விலையைக் கேட்டவர், கையை மெல்ல முழுக்கைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.