கோயம்பேடு மூடினப்போ கீரை மட்டும் எப்படி வந்துச்சு?

[காட்சி: பூட்டின மார்க்கெட் கேட். வெளியே காலி கூடைகள்.]

2020 மே 5. சென்னைக்கே காய்கறி பிரிச்சுக் கொடுக்கிற கோயம்பேடு மொத்த மார்க்கெட்டை மூடிட்டாங்க. 3,000 கடைக்கு மேல இருக்கிற இடம் அது. கொரோனா அங்க பரவி, ஊர் திரும்பின தொழிலாளிங்களோட அரியலூர், கடலூர், விழுப்புரம் வரைக்கும் போயிருந்துச்சு. மூடினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்க தெருக் கடையில தக்காளிக் கூடை காலி. மறுநாளும் காலி. கீரைக்கார அம்மா மட்டும் எப்பவும்போல 7 மணிக்கு வந்துட்டாங்க. அரைக்கீரை, சிறுகீரை, வேர்ல ஈரமண் ஒட்டின முளைக்கீரை.

ஏன் தக்காளி நின்னுச்சு, கீரை நிக்கல?

[காட்சி: வரைபடம். மூணு ஊர்ல இருந்து சென்னைக்குக் கோடுகள்.]

சென்னைக்குத் தக்காளி பெரும்பாலும் ஆந்திராவுல மதனப்பள்ளி, கர்நாடகாவுல கோலார் பக்கம் இருந்து வருது. பெரிய வெங்காயம்னா நாசிக் மாவட்டத்து லாசல்கான். லாரிங்க ராத்திரியோட ராத்திரியா கோயம்பேட்டுல இறக்கும். விடியறதுக்குள்ள சரக்கு பிரிஞ்சு ஊர் முழுக்கப் போயிடும். இந்த ஏற்பாட்டுல நல்லது நிறைய இருக்கு. முழு லோடா வர்றதால கிலோவுக்கு விழுற லாரி வாடகை கம்மி. ஒரு ஊர்ல விளைச்சல் போனா இன்னொரு ஊர்ல வாங்கிக்கலாம். ஆனா எந்த ஊர்ல வாங்கினாலும் சரக்கு நுழையற வாசல் ஒண்ணுதான். மே 5 அன்னைக்கு அந்த வாசலைத்தான் சாத்தினாங்க. ஒரு வாரத்துக்குள்ள திருமழிசையில தற்காலிகச் சந்தை போட்டாங்க, ஆனா மழை பெய்தா அங்க ஒரே சேறு. கோயம்பேட்டுல காய்கறிக் கடைங்க மறுபடி திறக்க செப்டம்பர் கடைசி ஆயிடுச்சு.

விளையற இடத்துலயே அடி விழுந்தா? 2019ல மகாராஷ்டிராவுல பருவம் தப்பிப் பெய்த மழையில வெங்காயம் அழுகிடுச்சு. இங்க கிலோ 100 ரூபாயைத் தாண்டி, கடைசியில எகிப்துல இருந்து வெங்காயம் வந்துச்சு.

கீரை இந்த ஆட்டத்துலயே கிடையாது. காலையில பறிச்சா சாயங்காலம் வாடிடும். அதனால ஊரைச் சுத்தியே விளைஞ்சாகணும், அன்னைக்கே வித்தாகணும்.

[காட்சி: உழவர் சந்தை. கரும்பலகையில சாக்பீஸ்ல விலை.]

இதே வழியில மத்த காய்களையும் கொண்டு வரத்தான் உழவர் சந்தை. முதல் சந்தை 1999 நவம்பர் 14ல, மதுரை அண்ணா நகர்ல திறந்தாங்க. அடையாள அட்டை இருக்கிற விவசாயிதான் விக்கலாம். விலை மொத்தச் சந்தையைவிடக் கொஞ்சம் கூட, கடை விலையைவிடக் கம்மி. சாக்கை விரிச்சு, கத்திரிக்காயைக் குவிச்சு, எடைமெஷின்ல ஒரு கிலோ போட்டுட்டு மேல ரெண்டு காயை வைக்கிறவர்தான் அதை விளைய வச்சவர். "நேத்து மழை, அதான் பூச்சி இருக்கு, பாத்து எடுங்கம்மா"ன்னு அவரே சொல்லுவார்.

2020 ஊரடங்குல ஈரோடு, கோவையில பேருந்து நிலையங்களையே காய்கறிச் சந்தையா மாத்தினாங்க. நூறு இருநூறு விவசாயிங்க சரக்கோட வர்ற சந்தையை இடம் மாத்தறது சுலபம். கோயம்பேட்டைத் தூக்கி அப்படி வைக்க முடியுமா?

அதுக்காக எல்லாத்தையும் உள்ளூர்லயே வாங்கணும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துல வயல், வாழை, ரோடு எல்லாம் தண்ணிக்குள்ள. அப்ப பக்கத்து விவசாயியால ஒண்ணும் பண்ண முடியாது. வெளி மாவட்டத்துல இருந்துதான் சோறு வரணும். நம்ம சாம்பார்ல விழுற துவரம்பருப்புலயும் பெரும்பங்கு வெளிமாநிலத்தது, கொஞ்சம் மியான்மர், மொசாம்பிக்ல இருந்து வர்றது. அந்த லாரியும் வேணும், கப்பலும் வேணும். கூடவே பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு வழி திறந்தே இருக்கணும். அந்த வழி நாம வாங்கினாத்தான் இருக்கும். சாதாரண நாள்ல யாரும் வாங்கலைன்னா, அந்த நிலம் பிளாட் ஆயிடும். அப்புறம் மார்க்கெட் மூடற அன்னைக்குக் கீரைக்கார அம்மாவும் வர மாட்டாங்க.

[காட்சி: காலை 9 மணி. கூடையில கடைசி ரெண்டு கட்டு.]

உழவர் சந்தை பெரும்பாலும் காலைச் சந்தை. 9 மணிக்கு மேல போனா முத்தின வெண்டைக்காய்தான் மிச்சம் இருக்கும். 7 மணிக்குள்ள போங்க.