கேட்டு வளர்ந்த எழுத்து

(இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

எழுத்தாளரின் வாசிப்பு என்றதும் புத்தக அலமாரியும் மேசையும் தனியறையும்தான் நினைவுக்கு வருகின்றன. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் இவற்றுக்கு ஏது இடம்? சமைப்பது, உண்பது, உறங்குவது எல்லாம் ஒரே இடத்தில். விடிந்தால் பிரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டும். அங்கே வாசிப்பு என்பது கூடியிருந்து கேட்பதாக இருந்தது. எழுத்துத் தெரிந்த ஒருவர் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்து பெரிய எழுத்தில் அச்சான நாட்டார் கதைப் புத்தகத்தை ராகம் போட்டுப் படிப்பார். பொன்னர் சங்கர் கதையும் காமன் கூத்தும் காதுவழியாகவே பிள்ளைகளிடம் வந்தன. நம் மலையகக் கவிஞர்களும் கதைக்காரர்களும் முதலில் நல்ல கேட்பாளர்கள். இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்தினார், தொழிற்சங்கம் கட்டினார். ஆனால் படிக்கத் தெரியாதவரிடம் பத்திரிகை எப்படிப் போய்ச் சேரும்? நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். இந்தியத் தமிழர் இங்கே பட்ட நெருக்கடியைச் சொல்லும் அந்தப் பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. அந்தக் காலத்தில் ஒரு பெண் மேடையேறி அரசியலைப் பாடியிருக்கிறார். நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறுவருடமே வந்த சட்டம் அந்த மக்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. தோட்டத்து வாழ்வை அவர் ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார், வெளியுலகம் படித்தது. கொழுந்து பறிக்கிறவருக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. சக்தீ பால ஐயா தமிழாக்கிய பிறகுதான் அந்தக் கவிதை தன் சொந்தக்காரர்களிடம் வந்தது.

ஆனால் சி.வி.யின் இன்னொரு வேலையை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தோட்ட மக்கள் பாடிவந்த பாட்டுகளைத் தேடிக் கேட்டு எழுதிவைத்தார். காட்டை அழித்துக் கோப்பிச் செடி போட்ட காலத்துத் துயரம், வேலை வாங்கிய கங்காணியின் மீதிருந்த கோபம், தாலாட்டு, காதல், ஒப்பாரி எல்லாம் அதில் உண்டு. கட்டியவர்கள் யாரென்று தெரியாது. பெரும்பாலோர் பேனா பிடித்திராதவர்கள். அவர்களைக் கவிஞர்கள் என்று எண்ணி உட்கார்ந்து கேட்க ஒரு மனம் வேண்டும். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் அச்சானது. அடுத்த வருடம் அவர் காலமானார். அவர் எழுதிவைக்காவிட்டால் அவற்றில் எத்தனையோ பாட்டு, பாடியவர்களோடு போயிருக்கும்.

சிறுகதைக்கு வருவோம். என்.எஸ்.எம். இராமையா வானொலிக்கு நாடகம் எழுதியவர். காதுக்கு எழுதிப் பழகியவர் என்பதால்தான் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில் மலையில் நிற்கும் பெண்களின் பேச்சு அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று நம்புகிறேன். கதை 1961இல் வெளியானது. அதே பெயரில் தொகுதி வந்தது 1980இல். இவ்வளவு நல்ல எழுத்தாளர் ஒரு தொகுதிக்குப் பத்தொன்பது வருடம் காத்திருக்க நேர்ந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. தெளிவத்தை ஜோசப் தாம் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். குறிஞ்சித் தென்னவன், மல்லிகை சி. குமார் ஆகியோர் தோட்டத்தில் உழைத்துக்கொண்டே எழுதினார்கள். பகல் முழுக்க மலையில் நின்றவருக்கு எழுதக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். கவிதையும் சிறுகதையும் இங்கே செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வகுப்பில் மாதம் ஒரு மலையகக் கதையையாவது வாய்விட்டுப் படியுங்கள். கேள்வி பதில் வேண்டாம், பிள்ளைகள் கேட்கட்டும். பிள்ளைகளே, உங்கள் அப்பாயி, அம்மாயி பாடும் பாட்டை ஒரு கொப்பியில் எழுதுங்கள், போனிலும் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி எல்லாவற்றையும் மறக்காமல் குறியுங்கள். சி.வி. காலத்துப் பாட்டுகளைக் கட்டியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கும் பாட்டுகளிலாவது அந்தப் பெயர்கள் இருக்கட்டும்.

வணக்கம்.