மறந்துபோக நேரம் கொடுக்கும் வாசிப்பு

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ என்றதும் எல்லோரும் அதன் பருமனைத்தான் பேசுகிறார்கள். அதன் அத்தியாயங்கள் எவ்வளவு சிறியவை என்று யாரும் சொல்வதில்லை. மொத்தம் 361 அத்தியாயங்கள். பெரும்பாலானவை சில பக்கங்களில் முடிந்துவிடும். தினம் ஒன்று என்றால் ஏறக்குறைய ஒரு வருடம். அப்படித்தான் படித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம், கதை எவ்வளவு இழுத்தாலும் அதோடு சரி. 1865-இல் இதன் முதல் பகுதிகள் பத்திரிகையில் வந்தபோது ருஷ்ய வாசகர்களும் அடுத்த இதழுக்குக் காத்திருந்துதானே படித்தார்கள்? தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இதொன்றும் அந்நியமில்லை.

இந்த வாசிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் மறதி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1805 ஜூலையில் ஒரு விருந்தோடு நாவல் தொடங்குகிறது. அங்கே இளவரசர் ஆந்த்ரேயின் மனைவி லிசா வருகிறாள். பூனைமுடி படர்ந்த, பற்களை முழுதும் மூடாத குட்டையான மேலுதடு அவளுக்கு. அதுவே அவளுக்கு அழகு. ஆந்த்ரேய்க்கு அவள்மேல் சலிப்பு. கர்ப்பிணியான அவளைத் தன் அப்பாவின் வீட்டில் விட்டுவிட்டு நெப்போலியனுக்கு எதிரான போருக்குப் போகிறான். செத்துவிட்டான் என்று வீட்டார் நினைத்திருக்கும்போது திரும்பி வருகிறான். அன்றிரவே அவள் பிரசவத்தில் இறந்துபோகிறாள். ‘எனக்கு ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்பதுபோல் இருக்கிறது அந்த முகம்.

கதை வேகமாக மேலே போகிறது. நமக்கும் லிசா மறந்துபோகிறாள். பிறகு ஓரிடத்தில் அவள் கல்லறைக் கோயிலில் ஒரு பளிங்கு தேவதைச் சிலை. அதன் மேலுதடு லேசாகத் தூக்கியிருக்கிறது. ஆந்த்ரேயும் அவன் தங்கை மரியாவும் அதில் லிசாவின் சாயலைப் பார்க்கிறார்கள். ஆந்த்ரேய் மட்டும் அதில் அந்தப் பழைய கேள்வியையும் பார்க்கிறான், தங்கையிடம் சொல்வதில்லை. மறுபடியும் பல மாத வாசிப்பு. 1812-இல் அவன் வீட்டுக்கு வரும்போது மகன் வளர்ந்திருக்கிறான். சிரிக்கும்போது அந்தப் பையனின் மேலுதடு அம்மாவுடையதைப் போலவே மேலேறுகிறது. அவனுக்கு அது தெரியாது, அம்மாவை அவன் பார்த்ததே இல்லையே. இந்த வரியில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரே வாரத்தில் படித்திருந்தால் ‘நல்ல உத்தி’ என்று தாண்டிப் போயிருப்பேன். செத்தவர்களை மறந்திருந்து, ஒரு குழந்தையின் முகத்தில் திடீரென்று பார்ப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். அதற்கு நடுவில் காலம் கழிந்திருக்க வேண்டும்.

பீரங்கிப்படை அதிகாரி தூஷினும் அப்படித்தான். அதே 1805 போரில், ஷேன்கிராபென் என்ற இடத்தில் நடந்த சண்டையில் பாதுகாப்பே இல்லாமல் பீரங்கி சுட்டுக்கொண்டிருந்த சின்ன உருவம். அன்று மாலை, இரண்டு பீரங்கிகளை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று தளபதி கேட்கிறார். துணைப்படை இல்லை என்று சொன்னால் வேறொரு அதிகாரிக்குக் கெடுதலாகுமே என்று வாயைத் திறக்காமல் நிற்கிறான். ஆந்த்ரேய்தான் அவனுக்காகப் பேசுகிறான். நெடுநாள் கழித்து, நண்பனைப் பார்க்க ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகும் நிக்கோலாய் ராஸ்தோவ் (நாவலின் இன்னொரு நாயகன்) அங்கே கையிழந்த ஒருவரைச் சந்திக்கிறான். தூஷின்! அடிபட்டுக் கிடந்த நிக்கோலாயை அன்று பீரங்கி வண்டியில் ஏற்றிக்கொண்ட அதே தூஷின். சில வரிகள்தான். வேகமாகப் போகிறவர் கண்ணில் பெயர்கூடப் படாது.

வரலாற்றைப் பற்றி டால்ஸ்டாய் வாதிடும் அத்தியாயங்கள் பலரை விரட்டிவிடுகின்றன. தினம் ஒன்றாகப் படித்தால் அவையும் தாங்கக்கூடியவையே. கடைசிப் பன்னிரண்டும் முழுக்க வாதம்தான். அவற்றில் எனக்குப் பெரிய ஈர்ப்பு ஏற்படவில்லை.

மனிதர்களின் கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 1820 டிசம்பர். நாவலின் முக்கிய மனிதர்களான பியர், நட்டாஷா, நிக்கோலாய், மரியா எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் டால்ஸ்டாய் கதையை அவர்களோடு முடிப்பதில்லை. பதினைந்து வயதான அந்தப் பையன், லிசாவின் மகன், இறந்துபோன அப்பாவைக் கனவில் கண்டு பதறி எழுகிறான். அப்பாவே மெச்சும்படி ஏதாவது செய்வேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். இத்தனை பெரிய நாயகர்கள் இருக்க இவனிடம் ஏன் முடிக்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. நிதானமாக வந்தவருக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. அவனை அவன் தாயின் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும்.